நுனி இல்லாத டேப்

ஜூன் 2, திங்கள்

அலமாரிக்குள்ளிருந்து போன் அடித்தது. அலமாரிக்குள் என்றால் தட்டின் மேல் அல்ல. அடிப்பலகைக்கும் தரைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்குமே, பசை போட்டு, பதினாறு ஸ்க்ரூ முடுக்கி, நான் என் கையால் மூடிய இடம் — அதற்குள்ளிருந்து.

பல் டாக்டர் வீட்டுச் சமையலறை. டாக்டரம்மா அப்போதுதான் டீ கொடுத்து, "ரொம்ப நீட்டா இருக்குங்க" என்று சொல்லி முடித்தார். உடனே கிணுகிணு என்று சத்தம். மச்சான் தன் இரண்டு பாக்கெட்டையும் தட்டிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். வெளிச்சத்துக்காக போன் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்திருந்தானாம். "எடுத்துட்டு மூடுங்க மாமா" என்று சொன்னானாம். நான் "ம்" என்றேனாம். என்னுடைய "ம்"முக்கு ஒரு மதிப்பும் கிடையாது என்று பதினாலு வருடமாகக் கூட வேலை செய்கிறவனுக்குத் தெரியாதா?

பதினாறு ஸ்க்ரூவையும் கழற்றினோம். பசை விடவில்லை. கடைசியில் உளி வைத்துத் தட்டினால் பலகை இரண்டாகப் பிளந்தது. டாக்டரம்மா முகத்தைப் பார்க்காமல் வேலை செய்வது எப்படி என்று நான் ஒரு புத்தகமே எழுதலாம்.

போனை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். திரையில் ஏழு அழைப்புகள், ஏழும் ஒரே பெயர்: "ஃபேக்டரி மேனேஜர்". எனக்கு மறதிதான். கண் நன்றாகத் தெரியும்.

எந்த ஃபேக்டரி? இவனை ஏன் ஏழு தடவை கூப்பிடுகிறார்கள்? கேட்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

கேட்டுவிட்டேன். பெரிய ஃபர்னிச்சர் ஃபேக்டரி. அடுத்த மாதம் முதல் தேதி வந்து சேரச் சொல்கிறார்களாம்.

சாப்பாட்டு மேசையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். நான், மனைவி, எங்கள் இருவருக்கும் நடுவில் அவளுடைய தம்பி. அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. களைத்துப்போய்ச் சொன்னான்.

"எத்தனை நாளைக்கு மாமா உங்க பின்னாடியே வந்து சரி பண்ணிக்கிட்டே இருக்கறது? எனக்கும் நாப்பது ஆகப்போகுது."

மனைவி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "முப்பதாம் தேதி வரைக்கும் பொறுடா. இவர் மாறிடுவார்." உடனே இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பொறுப்பான முகம் ஒன்றை வைத்துக்கொண்டு, பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தேன். கூடவே ஒரு சாவி விழுந்தது. நான்கு நாளாக மச்சான் வீட்டைப் புரட்டித் தேடிக்கொண்டிருக்கும் அவனுடைய வண்டிச் சாவி.

அவன் போகக் கூடாது. அவ்வளவுதான். மெஷின் பக்கம் அவனும் இந்தப் பக்கம் நானும் இல்லாத தச்சுப் பட்டறையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. காலையில் யாரிடம் "இன்னிக்கு என்ன வேலை" என்று கேட்பேன்? எனக்குத் தெரியாதே என்ன வேலை என்று.

ஜூன் 4, புதன்

இன்று முதல் நான் புது மனிதன். மச்சானிடம் சொல்லப்போவதில்லை. மாத முடிவில் அவனாகவே பார்த்து வாயைப் பிளக்க வேண்டும்.

தவறு எங்கே ஆரம்பிக்கிறது என்று யோசித்தேன். டேப்பில்.

என்னுடைய டேப்புக்கு நுனி இல்லை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு பலகையை அளந்து, கோடு போட்டு, டேப்பை எடுக்காமலே மெஷினில் விட்டேன். பலகையும் அறுந்தது, டேப்பும் அறுந்தது. முதல் இரண்டு சென்டிமீட்டர் போய்விட்டது. அன்றோடு அறுக்கும் மெஷினைத் தொட எனக்குத் தடை. நான் வீடு வீடாகப் போய் அளப்பேன், அளவைச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். மச்சான் அறுப்பான். அவனுக்கு டேப்பே வேண்டாம், மெஷின் மேலேயே ஒரு ஸ்கேல் பதித்திருக்கிறது. அதைத் தொலைக்க என்னால் கூட முடியாது.

புது டேப் வாங்கினால் என்ன என்று கேட்கலாம். ஏழு வாங்கினேன். ஏழும் ஏழு வீட்டு அலமாரிகளின் அடியில் குடியிருக்கின்றன. இது ஒன்றுதான் தங்கியது, அதுவும் மனைவி கயிறு போட்டு என் பெல்ட்டோடு கட்டிவிட்டதால்.

ஆக, இந்த டேப் பூஜ்யத்தில் ஆரம்பிக்காது, இரண்டில் ஆரம்பிக்கும். நூறு காட்டினால் உண்மையில் தொண்ணூற்றெட்டு. எதை அளந்தாலும் இரண்டைக் கழித்து எழுத வேண்டும். இது என்ன பெரிய கணக்கா? இதுவரை கழித்தேனா? கழித்திருப்பேன். எல்லாம் பொருந்தத்தானே செய்தது.

இருந்தாலும் மார்க்கர் எடுத்து டேப் மேலேயே கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன்: இரண்டு கழி.

ஜூன் 6, வெள்ளி

கருவிகள் காணாமல் போகாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். பெரிய பலகையைச் சுவரில் மாட்டி, ஒவ்வொரு கருவியையும் அதன் மேல் வைத்து ஓரமாகக் கோடு வரைந்தேன். சுத்தியலின் உருவத்தில் சுத்தியல், ரம்பத்தின் உருவத்தில் ரம்பம். எது இல்லை என்றாலும் காலி உருவம் காட்டிக் கொடுத்துவிடும்.

சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டினேன். ஒரு உருவம் மட்டும் மிஞ்சுகிறது. குட்டையாக, ஒரு பக்கம் உருண்டையாக. என்ன கருவி என்று தெரியவில்லை. வரைந்தது நானேதான். பட்டறை முழுக்கத் தேடினேன்.

மச்சான் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மெஷினுக்குத் திரும்பிவிட்டான்.

ஜூன் 9, திங்கள்

பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மச்சான் உள்ளே இருந்தான்.

ஜூன் 11, புதன்

மனைவி வேலை செய்யும் மருந்துக் கடைக்கு ஆறு டிராயர். நானே போய் அளந்தேன். டேப்பைப் பார்த்தேன், "இரண்டு கழி" என்று இருந்தது. கழித்தேன். மறுபடி அளந்து மறுபடி கழித்துச் சரிபார்த்தேன் (ஒரே அளவிலிருந்து இரண்டு தடவை கழிக்கவில்லை, அவ்வளவு முட்டாள் இல்லை). சுத்தமான கையெழுத்தில் சீட்டு எழுதி மச்சானிடம் கொடுத்தேன். அவன் வழக்கம்போல் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெஷினுக்குப் போனான்.

மனசுக்குள் ஒரே பெருமை. வீட்டுக்கு வரும் வழியில் விசில் கூட அடித்தேன்.

ஜூன் 13, வெள்ளி

இரண்டு பலகைகளைப் பசை போட்டு ஒட்டி, கிளாம்ப் வைத்து இறுக்கினேன். நன்றாக இறுக்கினேன். பிறகு டீ குடிக்கக் கிளம்பினால் நகர முடியவில்லை. சட்டையின் ஓரம் நடுவில் மாட்டியிருந்தது. கிளாம்பைத் தளர்த்தினால் பசை விட்டுவிடும். மச்சானைக் கூப்பிட மனம் வரவில்லை, புது மனிதனாயிற்றே. ஒட்டுகிற வரை நாற்பது நிமிடம், ஏதோ ஆழ்ந்து யோசிப்பவன்போல அப்படியே நின்றேன்.

மச்சான் என் கையில் டீயைக் கொண்டுவந்து கொடுத்தான். கூடவே ஒரு கத்தரிக்கோலையும் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

ஜூன் 14, சனி

டிராயர்கள் பொருந்தவில்லை.

மருந்துக் கடையில், மனைவியின் முதலாளி முன்னால், கடைக்கு வந்த ஐந்து பேர் முன்னால். டிராயரைத் தள்ளினேன், உள்ளே போனது. போனதும் இரண்டு பக்கமும் இருக்கும் சேனல் தண்டவாளத்தில் உட்காராமல் தொபுக்கென்று கீழே விழுந்தது. அடுத்ததும் அப்படியே. ஆறும் இரண்டு சென்டிமீட்டர் குறைவு. ஆறும்!

மனைவி மாத்திரைப் பட்டைகளை எண்ணுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு எங்காவது ஒரு அடிப்பலகைக்குள் புகுந்து மூடிக்கொள்ளலாம்போல இருந்தது.

இது எப்படி? நான் கழித்துத்தானே எழுதினேன்? பிளைவுட் சுருங்குமா?

மச்சான்தான் பக்கவாட்டில் மரப் பட்டைகள் அடித்து ஒப்பேற்றினான்.

ஜூன் 17, செவ்வாய்

முடிவெட்டும் கடை. கண்ணாடிக்குக் கீழே ஒரே ஒரு தட்டு. இரண்டு சென்டிமீட்டர் குறைவு. சீப்புகள் எல்லாம் இடுக்கு வழியாக விழுகின்றனவாம்.

பிளைவுட் சுருங்காது. மரக்கடைக்காரரிடம் கேட்டேன், சிரித்தார்.

ஜூன் 18, புதன்

ரிட்டயர்டு கணக்கு டீச்சர் ஒருவர் வீட்டில் புத்தக அலமாரி. சுவருக்குச் சுவர் முட்ட வேண்டும், நடுவில் காற்று கூடப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். மூக்குக்கண்ணாடியை இறக்கி நான் அளப்பதையே பார்த்தார். பரீட்சை எழுதுவதுபோல் கை வியர்த்தது. 242 காட்டியது. கழித்தேன். 240. சீட்டில் எழுதி, தேதியும் போட்டு, அடிக்கோடும் இட்டேன்.

டீச்சர் கேட்டார்: "ஒரு தடவை செக் பண்ணீங்களா?" நான்கு தடவை என்றேன். உண்மை.

ஜூன் 21, சனி

ஒரு எண்ணம் வந்திருக்கிறது. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நான் தப்பு செய்யவில்லை. இது எனக்கு நிச்சயம், என் வாழ்நாளில் முதல் தடவையாக நிச்சயம். அப்படியென்றால் தப்பு மெஷின் பக்கம். மெஷின் பக்கம் யார்?

அவன் வேண்டுமென்றே செய்வானா? போவதற்கு ஒரு சாக்கு வேண்டாமா அவனுக்கு? "பாருக்கா, மாமா மாறவே இல்லை" என்று சொல்ல?

சேச்சே.

ஆனால் யார்?

ஜூன் 25, புதன்

டீச்சர் வீட்டில் அலமாரியைத் தூக்கி நிறுத்தினோம். வலது பக்கச் சுவரோடு ஒட்ட வைத்தால் இடது பக்கம் ஒரு இடுக்கு. இடது பக்கம் தள்ளினால் வலது பக்கம். மச்சான் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சில்தான் எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"வேணும்னேதான் குறைச்சு அறுக்கறியா? போறதுன்னா நேரா போயேன்டா! எதுக்கு இந்த நாடகம்?"

சொல்லிட்டேன். வேற ஒருத்தர் வீட்ல, டீச்சர் முன்னாடி சொல்லிட்டேன். எத்தனையோ விஷயம் மறந்து தொலைக்கிறேனே, இந்தப் பேச்சை மட்டும் மறந்திருக்கக் கூடாதா?

அவன் கருவிப்பையை எடுத்தான், பிறகு கீழே வைத்தான். "நான் குறைச்சேனா?" என்று மட்டும் கேட்டான். பதில் சொல்ல நான் வாயைத் திறந்தபோது டீச்சர் நடுவில் வந்தார்.

"ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க. நாளைக்குக் காலையில வாங்க. இந்த மாசம் அளந்த சீட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு வரணும்."

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். சாப்பாட்டை வைத்துவிட்டு அவள் வேறு அறைக்குப் போய்விட்டாள்.

ஜூன் 26, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஞாபகம் இருக்காது என்பதால் இல்லை. இது மறக்காது.

டீச்சர் சாப்பாட்டு மேசையில் சீட்டுகளைப் பரப்பி வைத்தார். மருந்துக் கடை, முடிவெட்டும் கடை, அவருடைய அலமாரி. எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்தார். கடைசி பெஞ்சு பையன்கள்போல உட்கார்ந்தோம், நடுவில் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு.

"எல்லாத்துலயும் ரெண்டு சென்டிமீட்டர்தானா? ஒண்ணரை, மூணு, அப்படி எதுவும் இல்லையே?"

இல்லை என்றோம்.

"அப்ப இது கவனக்குறைவு இல்ல. கவனமில்லாதவன் விதவிதமா தப்பு பண்ணுவான். நாப்பது வருஷம் திருத்தியிருக்கேன், எனக்குத் தெரியும். இது யாரோ ரொம்பக் கவனமா பண்ற தப்பு."

தையல் டேப் ஒன்றை எடுத்துவந்து அவரே சுவரை அளந்தார். 240. என் சீட்டைப் பார்த்தார். 240. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஐம்பத்தொரு வயதில் கணக்கு டீச்சரிடம் சபாஷ் வாங்கினேன். அடுத்து அலமாரியை அளந்தார். 238.

"தம்பி, இருநூத்தி நாப்பதுன்னு எழுதியிருக்கு. நீங்க ஏன் இருநூத்தி முப்பத்தெட்டு அறுத்தீங்க?"

மச்சான் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"மாமா. நீங்க கழிச்சீங்களா?"

"கழிச்சேன்."

"நீங்களா?"

"நான்தான். நாலாம் தேதியிலேர்ந்து ஒண்ணு விடாம." டேப்பைத் திருப்பிக் காட்டினேன், இரண்டு கழி.

அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "கழிக்கிறது நான், மாமா."

எனக்குப் புரியவில்லை. டீச்சருக்குப் புரிந்துவிட்டது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

டேப் அறுந்த வாரத்திலிருந்தே நான் கழிக்க மறந்துதான் எழுதுகிறேனாம். ஆறு வருடமாக, ஒரு தடவை கூட நான் கழித்ததில்லையாம். சீட்டைக் கையில் வாங்கியதும் மனசுக்குள் இரண்டைக் கழித்துக்கொண்டு அறுப்பானாம் மச்சான். அதனால்தான் எல்லாம் பொருந்தியது. இந்த மாதம் நானும் கழித்தேன், அவனும் கழித்தான்.

"உங்க மறதியை நம்பித்தான் மாமா நான் அறுத்துக்கிட்டு இருந்தேன்! அது ஒரு நாளும் தப்பினதே இல்ல. திடீர்னு நீங்க ஞாபகமா இருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

டீச்சர் கேட்டார்: "ஏன் தம்பி, இவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"முதல் தடவை சொன்னேன் டீச்சர். மூணு நாள் சாப்பிடாம உக்காந்துட்டார். அக்காதான் சொல்லாதேன்னுச்சு."

எனக்கு அது ஞாபகமே இல்லை.

டீச்சர் முதலில் சிரித்தார். பிறகு மச்சான். பிறகு நான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் கொஞ்சம் சிரிப்பினால் வந்ததில்லை. நேற்று அப்படிக் கேட்டுவிட்டு இன்று இப்படிச் சிரிக்கிறோமே என்று நடுவில் நிறுத்திக்கொண்டேன்.

அலமாரியை மறுபடி செய்து தருகிறோம் என்றோம். டீச்சர் உள்ளே போய், கரும்பலகையில் கோடு போடும் நீளமான மரஸ்கேலைக் கொண்டுவந்து அந்த இடுக்கில் செருகினார். கச்சிதமாக நின்றது. "ரிட்டயர் ஆனதுலேர்ந்து இதை வைக்க எடம் தேடிக்கிட்டிருந்தேன். தொட வேண்டாம், விட்டுடுங்க."

ஜூன் 28, சனி

ஆறு வருடம். எத்தனை வீடு, எத்தனை அலமாரி. ஒவ்வொன்றிலும் அவன் இரண்டைக் கழித்திருக்கிறான். "அளவுன்னா உங்க அளவுதாங்க" என்று ஜனங்கள் என்னைப் புகழும்போது அவன் பக்கத்தில் நின்று ஸ்க்ரூ பொறுக்கிக்கொண்டிருந்தான். நானும் கூச்சமில்லாமல் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று பட்டறையில் மெஷினை நிறுத்தச் சொன்னேன். மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், பாதி மறந்துவிட்டது. மிச்சத்தைச் சொன்னேன்.

"நான் கேட்டது தப்பு. பெரிய தப்பு. நீ ஃபேக்டரிக்குப் போ, மச்சான். கோவத்துல சொல்லல. அங்க உனக்கு உன் வேலை மட்டும் இருக்கும்."

அவன் தரையைக் கூட்டிக்கொண்டே இருந்தான். கூட்டி முடித்த இடத்தையே மறுபடி கூட்டினான். பிறகு சுவர்ப் பலகையில் இருந்த அந்தக் காலி உருவத்தைக் காட்டினான், குட்டையாக, ஒரு பக்கம் உருண்டையாக.

"அது என்னன்னு இன்னும் தெரியலையா மாமா?"

"தெரியல."

"உங்க கட்டை விரல். ரம்பத்தை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு விரலையும் சேர்த்து வரைஞ்சிருக்கீங்க."

வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது.

ஜூன் 30, திங்கள்

கெடுவின் கடைசி நாள். மச்சான் கருவிகளைத் துடைத்து, பையில் போட்டு, எடுத்துக்கொண்டு போய்விட்டான். "வரேன் மாமா" என்றான். தினமும் சொல்வதுதான். இன்று எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவனிடம் கேட்கவும் இல்லை.

சும்மா உட்கார முடியவில்லை. புது டேப் வாங்கினேன், எட்டாவது. நுனியோடு, பளபளவென்று. மனைவி பழையதை அவிழ்த்துவிட்டு இதைக் கயிற்றில் கட்டினாள். நான்கு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கு, எங்கள் வீட்டு வாசல் பக்கத்தை அளந்தேன். சீட்டெழுதிப் பட்டறையில் மெஷின் மேல் வைத்துவிட்டு வந்தேன். யார் அறுக்கப்போகிறார்கள்? எனக்குத்தான் தடையாயிற்றே. பழக்கதோஷம்.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஜூலை 1, செவ்வாய்

எட்டரை மணிக்குப் பட்டறைக்குப் போனேன். பூட்டு இல்லை. நேற்று பூட்ட மறந்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டு உள்ளே போனால், மெஷின் சத்தம்.

மச்சான் அறுத்து முடித்த பலகையைத் தலைகீழாகத் திருப்பி, வலம் இடமாகத் திருப்பி, என் புது டேப்பைக் கயிற்றோடு சேர்த்து இழுத்து அளந்தான். நானும் கயிற்றோடு சேர்ந்து போனேன்.

"வீட்டு வழியாத்தான் வந்தேன். அக்கா பழைய டேப்பை எடுத்து வாசலை அளந்து சொல்லிச்சு, அதுல ரெண்டைக் கழிச்சு வச்சு இதை ஒத்துப் பாத்தேன். மாமா, இது நாலு சென்டி குறையுது."

புது டேப்புக்கு நுனி இருக்கிறது. கழிக்கவே வேண்டியதில்லை. நேற்று சீட்டு எழுதும்போது நான் கழித்திருக்கிறேன். இன்று சீட்டைப் பார்த்ததும் பழக்கத்தில் அவனும் கழித்து அறுத்திருக்கிறான்.

"ஃபேக்டரி?" என்றேன்.

"நாலு சென்டி மாமா!" என்றான், ஏதோ நான் காது கேளாதவன் என்பதுபோல. "இதை விட்டுட்டு எப்படிப் போறது?"

அவனுடைய கருவிகள் பலகையில் அதனதன் உருவத்தில் மாட்டியிருந்தன. வீட்டுக்குப் போய் மறுபடி அளந்து வந்தேன். புதுச் சீட்டில் அளவை எழுதி, அடியில் "கழிக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். அவன் காதிலிருந்து பென்சிலை எடுத்து, அதற்குக் கீழே "நானும்" என்று எழுதிவிட்டு மெஷினைப் போட்டான்.